அதே மருந்துதான் என்று மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

குமுளி, வண்டிப்பெரியாறு, கூடலூர், கம்பம் வட்டாரத்து மருந்துக்கடை அண்ணன்மார்களுக்கும், கவுன்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற குமுளிக்காரி. உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். மாதம் ஒரு தடவையாவது பழைய பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உங்கள் கடைப் படியேறுகிறவள்தான். 2018-இல் என் தம்பிக்கு என் இடது கிட்னியைக் கொடுத்தேன். மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு முன்னால் இரண்டு வருடம், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். விடியற்காலை பஸ்ஸில் மலை இறங்கி, இருட்டிய பிறகு மலை ஏறி வருவான். இறங்கும்போது கால் வீங்கியிருக்கும், ஏறும்போது முகம் வெளுத்திருக்கும். ஆபரேஷன் முடிந்த ஆறாம் மாதம் மறுபடி வேலைக்குப் போனான். தேக்கடி ரோட்டில் ஓர் ஏலக்காய்க் கடையில் நிற்கிறான்.

யார் மேலும் புகார் கொடுக்க இதை எழுதவில்லை. கீழே சொல்லப்போகிற சம்பவம் எந்தக் கடையில் நடந்தது என்று எழுதப்போவதும் இல்லை. அந்த அண்ணன் மனசறிந்து கெடுதல் செய்கிறவர் இல்லை, எனக்குத் தெரியும். உங்கள் எல்லாரிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மாற்றி வைத்த கிட்னியை உடம்பு ஒதுக்காமல் காக்கிற மருந்து டாக்ரோலிமஸ். சீட்டில் அந்தப் பேர் எழுதியிருந்தால், எழுதிய டாக்டரைக் கேட்காமல் அதை மாற்றாதீர்கள். கம்பெனியையும் மாற்றாதீர்கள், வகையையும் மாற்றாதீர்கள். ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஆடி மழையில் லோயர் கேம்ப் மலைப்பாதையில் மண் சரிந்தது. இரண்டு நாள் பஸ் இல்லை. வழக்கமாகக் கம்பத்தில் வாங்கும் மருந்து தீர்ந்துபோயிருந்தது. தம்பிக்கு எழுதியிருந்தது நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைந்து வெளியாகும் வகை, காலையில் ஒரே வேளை, 3 மில்லிகிராம். பக்கத்துக் கடையில் அந்த வகை இல்லை, சாதாரண டாக்ரோலிமஸ் 1 மில்லிகிராம் கேப்சூல்தான் இருந்தது. “அதே மருந்துதான்மா, கம்பெனிதான் வேற. மூணா சேர்த்துப் போடச் சொல்லுங்க” என்றார் கடைக்காரர். மூன்று ஒன்று மூன்றுதானே என்று எனக்கும் பட்டது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ரோடு சரியான பிறகும் அதையே இன்னும் இரண்டு தடவை வாங்கினேன், பக்கத்தில் கிடைக்கிறதே என்று.

கணக்கு சரிதான். ஆனால் அந்த மருந்தை அந்தக் கணக்கில் போடக் கூடாது. சாதாரண வகையைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாக இரண்டு வேளை பிரித்துப் போட வேண்டும். போட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் இறங்க ஆரம்பிக்கும். மெல்லக் கரையும் வகை அப்படித் துள்ளி ஏறாது, அதனால்தான் அதை ஒரே வேளையாகக் கொடுக்கிறார்கள். ஒரே வேளையில் சாதாரண கேப்சூல் மூன்றைப் போட்டால் காலையில் மருந்து தலைக்கேறும், மறுநாள் விடிவதற்குள் வடிந்துவிடும். அந்த வடிந்த நேரத்தில் உடம்பு கிட்னியைத் தாக்கத் தொடங்கும்.

முதலில் தெரிந்தது கை நடுக்கம். கடையில் டூரிஸ்ட்டுகளுக்காக 50 கிராம் பாக்கெட் போடுவான். எட்டு வருடமாகச் செய்கிற வேலை. கரண்டியில் ஏலக்காயை அள்ளித் தராசுத் தட்டில் இரண்டு முறை தட்டினால் 50-இல் வந்து நிற்கும். அன்றைக்கு நான் சாப்பாடு கொண்டுபோன நேரம், ஒரு வட இந்தியக் குடும்பம் நின்றுகொண்டிருக்க, இவன் கரண்டி தட்டின் விளிம்பில் டக டக டக என்று அடித்துக்கொண்டிருந்தது. நாலு ஏலக்காய் கவுன்டர் கண்ணாடி மேல் உருண்டது. பொறுக்கப் போனவனின் விரலும் ஆடியது. “மழைக் குளிரு அக்கா” என்றான். சாயங்காலம் பார்த்தால் கை சும்மா இருந்தது. அதனால் நானும் அதைக் குளிர் என்றே நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து மதுரைக்குச் செக்கப் போனோம். அதிகாலை ரத்தத்தில் மருந்தின் அளவு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. கிரியேட்டினின், அதாவது கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடுகிற கழிவு, 1.1-இலிருந்து 2-க்குப் போயிருந்தது. அன்றைக்கே படுக்க வைத்து, ஊசி போட்டுக் கிட்னியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு கிட்னியை ஒதுக்க ஆரம்பித்துவிட்டது என்றார் டாக்டர். மூன்று நாள் ஸ்டீராய்டை டிரிப்பில் ஏற்றி நிறுத்தினார்கள். கிட்னி பிழைத்தது. ஆனால் கிரியேட்டினின் 1.5-க்குக் கீழே இன்றுவரை வரவில்லை. போன பங்கு போனதுதான். அது என் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது என்பதால் சொல்லவில்லை. அவனுக்கு முப்பத்திநாலு வயது. இன்னொன்று கொடுக்க வீட்டில் ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நாட்களில்தான் இந்த மருந்தைப் பற்றி உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கே மருந்துப் பிரிவில் ஒரு தங்கச்சி பொறுமையாகச் சொன்னாள். அப்புறம் நானும் தேடிப் படித்தேன்.

இது மண்ணிலிருந்து வந்த மருந்து. ஜப்பானில் டோக்கியோவுக்கு வடகிழக்கே சுகுபா என்று ஒரு மலை இருக்கிறது. 1984-இல் அந்தப் பக்கத்து மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து ஜப்பானிய மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மலைப் பேரை ஆங்கிலத்தில் Tsukuba என்று எழுதுவார்கள், அதன் முதல் எழுத்தான T-தான் மருந்தின் பேரிலும் முதலில் இருக்கிறது. 1989-இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் தாமஸ் ஸ்டார்ஸில் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1994-இல் கல்லீரல் மாற்றுக்கும், 1997-இல் கிட்னி மாற்றுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. நம் வேலூர் சி.எம்.சி.யில் 1971-லேயே கிட்னி மாற்று நடந்திருக்கிறது. அப்போது இந்த மருந்து கிடையாது. அந்தக் காலத்தில் கிட்னி வாங்கியவர்கள் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ஒரு பிடி மலைமண் இத்தனை பேரை உயிரோடு வைத்திருக்கிறது என்பதை நினைக்காத நாள் இல்லை.

அது செய்கிற வேலை இது. நம் ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளையணு இருக்கிறது. உடம்புக்குள் அந்நியமாக எது வந்தாலும் அது மற்ற அணுக்களைக் கூப்பிட்டுக் கூட்டம் சேர்க்கும். கூப்பிடுவதற்கு அதற்குள் கால்சினியூரின் என்ற புரதம் வேலை செய்ய வேண்டும். டாக்ரோலிமஸ் அந்தப் புரதத்தைக் கட்டிப்போடுகிறது. கூப்பிடுகிற சத்தம் வெளியே போகாது, கூட்டம் சேராது, கிட்னி தப்பிக்கும். மருந்து வடிந்த அன்றைக்குச் சத்தம் கிளம்பிவிடும். என் கிட்னி தம்பி உடம்பில் எத்தனை வருடம் இருந்தாலும், அவன் டி செல்லுக்கு அது வேற்றாள்தான்.

இப்போது அளவைப் பாருங்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். தம்பியின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 5-இலிருந்து 8 நானோகிராம் வரை இருக்க வேண்டும் என்று டாக்டர் வைத்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்த புதிதில் இதைவிடக் கூடுதலாக வைப்பார்கள், போகப் போகக் குறைப்பார்கள். அதற்குக் கீழே போனால் உடம்பு கிட்னியை ஒதுக்கும். மேலே போனால் இந்த மருந்தே கிட்னியைக் கெடுக்கும். ஆமாம், கிட்னியைக் காக்கக் கொடுக்கிற மருந்து, அளவு கூடினால் அதே கிட்னியின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிப் பழுதாக்கும். கை நடுங்கும், தலை வலிக்கும், பிரஷர் ஏறும், ரத்தத்தில் பொட்டாசியம் கூடும். சர்க்கரை இல்லாதவருக்குச் சர்க்கரை வரும். தம்பிக்கு மூன்றாம் வருடம் வந்துவிட்டது. எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் தொற்றுக்கும், தோல் புற்றுநோய்க்கும், நிணநீர்ப் புற்றுநோய்க்கும் கூடுதல் வாய்ப்பு உண்டு என்று மருந்துத் தாளிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அவன் வெயிலில் முழுக்கைச் சட்டை போடுகிறான், கொதித்து ஆறிய தண்ணீர்தான் குடிக்கிறான், பொட்டாசியம் ஏறும் என்று இளநீர் நீட்டினால் வேண்டாம் என்கிறான்.

இவ்வளவு ஒடுக்கமான வழியில் நடக்கிற மருந்து, எல்லார் உடம்பிலும் ஒரே மாதிரி ஏறுவதும் இல்லை. வெள்ளைத் தூள், தண்ணீரில் கரையாது. போட்டதில் சராசரியாகக் கால் பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஈரலில் இதை உடைக்கிற நொதி சிலருக்குப் பரம்பரையாகவே வேகமாக வேலை செய்யும். அவர்களுக்கு இரண்டு மடங்கு டோஸ் தேவைப்படலாம். வார்டில் தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இவனைவிட ஒல்லி, ஆனால் டோஸ் இவனைவிடக் கூடுதல். ஆகவே ஒருத்தருக்கு ஒத்துவந்ததை வைத்து இன்னொருத்தருக்குச் சொல்ல முடியாது. அவரவர் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். தம்பிக்கு அந்த அளவு பிடிபட ஐந்து மாதம் ஆனது. அதை ஒரு நிமிடத்தில் கவுன்டரில் கலைத்துவிடலாம் என்பதுதான் என் பயம்.

இது என் ஒருத்தியின் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் டாக்டர்களுக்கும் மருந்துக்கடைகளுக்கும் சொன்னது: டாக்ரோலிமஸை பிராண்டு பேர் போட்டே எழுதுங்கள், எழுதிய பிராண்டையே கொடுங்கள். தெரியாமல் வகை மாறிக் கிட்னி ஒதுக்கப்பட்டதும், மருந்து மிதமிஞ்சியதும் நடந்த பிறகுதான் அப்படிச் சொன்னார்கள். அமெரிக்காவில் 2023-இல் ஒரு கம்பெனியின் டாக்ரோலிமஸ் கேப்சூல், ரத்தத்தில் உச்ச அளவை மூல மருந்தைவிட உயரத்துக்குக் கொண்டுபோகிறது என்று கண்டு, இதற்குப் பதில் அதைக் கொடுக்கலாம் என்ற தகுதியை எடுத்துவிட்டார்கள். விலை குறைந்த ஜெனரிக் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்களைப் போன்ற வீடுகள் பிழைத்திருப்பதே இந்தியாவில் தயாராகிற ஜெனரிக்கால்தான். எதில் ஆரம்பித்தாரோ அதிலேயே இருக்கட்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டருக்குத் தெரிந்து மாற்றி, ஒரு வாரத்தில் ரத்தத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது, உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1945-ஆம் வருட மருந்து விதிகளில் 65-ஆம் விதி, ஷெட்யூல் எச் மருந்துக்கு, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்கு, எழுதிய சீட்டில் வேறொரு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது என்கிறது, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும். காய்ச்சல் மாத்திரைக்கு யாரும் இதைப் பார்ப்பதில்லை. இதற்காவது பாருங்கள்.

இன்னொன்று, கத்தரிக்கோல். எங்கள் வீட்டில் நடந்த தப்பு மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் போனதற்குக் கத்தரிக்கோலும் ஒரு காரணம். பத்து இருக்கிற ஸ்ட்ரிப்பில் ஆறு வேண்டும் என்றால் வெட்டித்தான் கொடுக்கிறீர்கள். வெட்டியதில் பேர் ஒரு துண்டிலும், தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். எனக்குக் கிடைத்த துண்டில் “ரோலிமஸ் கேப்சூ” என்று மட்டும்தான் இருந்தது. மெல்லக் கரையும் வகைக்குப் பேருக்குப் பின்னால் இரண்டு சின்ன எழுத்து கூடுதலாக இருக்கும். அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க எனக்கு வழியே இல்லை. வெட்டியதைக் காக்கிக் கவரில் போட்டு, மேலே “3-0-0” என்று பேனாவால் எழுதித் தந்தார். கவரை இன்னும் வைத்திருக்கிறேன். இந்த மருந்தை முழு ஸ்ட்ரிப்பாகவே கொடுங்கள். காசு போதாமல் நாங்கள் பாதி கேட்டாலும், பேர் உள்ள துண்டைக் கொடுத்துவிட்டு மீதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஈரம். இந்த கேப்சூல் ஈரம் தாங்காது, அதனால்தான் அலுமினியப் பைக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வருகிறது. நம் ஊர் மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும், தீப்பெட்டி பத்தாது, உங்களுக்குத் தெரியாததா? பையைக் கிழித்து ஸ்ட்ரிப்பை மட்டும் எடுத்து டிராயரில் போட்டு வைக்காதீர்கள். வாங்கிப் போகிறவரிடமும், வாரத்துக்கு வேண்டியதைப் பிதுக்கி எடுத்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், போடும் நேரத்தில் பிதுக்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் ஆறு வருடம் டப்பாவில்தான் போட்டு வைத்தேன், யாரும் சொல்லவில்லை. விழுங்கச் சிரமப்படுகிற பிள்ளைகளுக்கு கேப்சூலைப் பிரித்துத் தூளைக் கலக்கிக் கொடுக்கச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தூள் மற்றவர் மூச்சிலும் கையிலும் படக் கூடாது.

டாக்ரோலிமஸை நீங்கள் சரியாகவே கொடுத்தாலும், பக்கத்து ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வேறொன்று அதைக் கவிழ்த்துவிடலாம். இதைத்தான் உங்களிடம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் டாக்ரோலிமஸ் விற்காத கடையிலும் இது நடக்கும். இருமல், சளி என்று வந்து நிற்பவருக்கு கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் கொடுத்தால் ஈரலில் மருந்தை உடைக்கிற நொதி படுத்துவிடும், டாக்ரோலிமஸ் அளவு மடங்காக ஏறும். படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல், இட்ராகோனசோல் கொடுத்தாலும் அதே கதைதான். மழையில் நனைந்து வேலை செய்கிற ஏலத் தோட்டத்து ஆட்களுக்குப் படர்தாமரை மருந்து விற்காத நாள் உங்களுக்கு இருக்காது. நேர்மாறாக, காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயினும் அந்த நொதியை முடுக்கிவிட்டு டாக்ரோலிமஸை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். காசநோய் மருந்து சாப்பிடவே கூடாது என்று இல்லை. ஆரம்பிக்கிற அன்றைக்கே கிட்னி டாக்டருக்குத் தெரிய வேண்டும், முடிக்கிற அன்றைக்கும் தெரிய வேண்டும். டில்டியாசெம் என்ற பிரஷர் மாத்திரை கொஞ்சம் தனி. அது டாக்ரோலிமஸை ஏற்றும் என்று தெரிந்தே, மருந்துச் செலவு குறையட்டும் என்று சில டாக்டர்கள் சேர்த்து எழுதுவார்கள். அப்படிப்பட்டவருக்கு “டில்டியாசெம் ஸ்டாக் இல்லை, வேறு பிரஷர் மாத்திரை தரேன்” என்று நீங்கள் கொடுத்தால், டாக்ரோலிமஸைத் தொடாமலே அதைக் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மேல்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சுருங்குகிற கிட்னி ரத்தக் குழாயை அது இன்னும் சுருக்கும். வயிற்றுப்போக்கு என்று வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பேதியின்போது டாக்ரோலிமஸ் குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நிஜத்தில் பலருக்கு அளவு கூடுகிறது. உடனே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று போட்டு விற்கிற லேகியம், சீந்தில் கொடி மாத்திரை எதுவும் இவர்களுக்குக் காட்டாதீர்கள். இவர்களுடைய டாக்டர் குறைத்துவைக்கப் பாடுபடுவதே அந்தச் சக்தியைத்தான்.

ஒரு பழமும் உண்டு. குமுளி, பீருமேட்டுப் பக்கம் வீட்டுக்கு வீடு நிற்கிற பம்பளிமாஸ், மலையாளத்துக்காரர்கள் கம்பிளி நாரங்கா என்பார்கள். வெளிநாட்டு மருந்துத் தாளில் கிரேப்ஃப்ரூட் சாப்பிடாதே என்று போட்டிருக்கும். நம்மவர்கள் அது ஏதோ திராட்சை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதன் தாய்வழிச் சொந்தம்தான் இந்தப் பம்பளிமாஸ். குடலில் இருக்கிற அதே நொதியை இதுவும் முடக்கும், இதைச் சாப்பிட்டு டாக்ரோலிமஸ் ஏறிய நோயாளியைப் பற்றி டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பின்னால் நின்ற மரத்தை அம்மா வெட்டச் சொல்லிவிட்டார். வெட்ட வேண்டிய அவசியம் இல்லை, தம்பி சாப்பிடாமல் இருந்தால் போதும். ஆனால் அம்மா பிடிவாதத்தை நான் தடுக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஆன்டிபயாட்டிக், படர்தாமரை மருந்து, வலி மாத்திரை எடுக்கக் கை நீட்டும்போது “உறுப்பு மாற்று ஏதும் செஞ்சிருக்கீங்களா, தினமும் போடுற மருந்து இருக்கா?” என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் டாக்டருக்கு ஒரு போன், எங்கள் ஃபைலின் முதல் பக்கத்திலேயே நம்பர் இருக்கும். அப்புறம், மாதா மாதம் இதை வாங்குகிறவர் உங்கள் கடைக்கு எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும், நாலைந்து பேர்தான் இருப்போம். எங்கள் பேரையும் பிராண்டையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு மாத மருந்தை முன்கூட்டியே வரவழைத்து வையுங்கள். முன்பணம் வேண்டுமென்றாலும் தருகிறோம்.

2020 ஊரடங்கில் செக்போஸ்ட்டை அடைத்தபோது உங்களில் ஒருவர் கம்பத்திலிருந்து பைக்கில் வந்து, தடுப்புக் கம்புக்கு அந்தப் பக்கம் நின்று, போலீஸ்காரர் கையில் மருந்தைக் கொடுத்து எங்களுக்கு அனுப்பினார். அந்த மாதம் தம்பி ஒரு வேளை கூட விடவில்லை. அதே கரிசனத்தை நம்பித்தான் இத்தனையும் கேட்கிறேன்.

இரண்டு மாநிலத்துச் சுகாதாரத் துறை அதிகாரிகளும் இதைப் படித்தால், அவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலையில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்க இடம் இல்லை. காலை மருந்து போடுவதற்கு முன்னால், முந்தைய வேளை வடிந்து நிற்கிற நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும். அதற்காக நாங்கள் இரவு பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு, மருந்தைப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்கோ கோட்டயத்துக்கோ போகிறோம். கருவியை இங்கே வாங்கி வைக்கச் சொல்லவில்லை. பீருமேடு தாலுகா ஆஸ்பத்திரியிலும் கம்பம் அரசு ஆஸ்பத்திரியிலும் வாரத்தில் ஒரு காலை ரத்தத்தை எடுத்து, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பி, முடிவைப் போனில் சொன்னால் போதும். இந்தச் சோதனைக்கு முழு ரத்தம்தான் வேண்டும், மருந்து சிவப்பணுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால். குழாயில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் அனுப்புவது உங்களுக்குப் பழகிய வேலைதான். இன்னொரு சங்கடமும் உண்டு. கேரளத்து ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு மதுரையில் வைத்தியம் பார்க்கிற எங்களுக்கு அந்தப் பக்கத்துக் காப்பீடும் இல்லை, இந்தப் பக்கத்து இலவச மருந்தும் சரியாகக் கிடைப்பதில்லை. எல்லைக் கோட்டின் மேல் வீடு கட்டியவர்களுக்கு என்று ஒரு வழி செய்யுங்கள்.

மருந்துக்கடை அண்ணன்மார்களே, ஒரு சின்னச் சீட்டு அச்சடித்திருக்கிறேன். கையளவுதான், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். டாக்ரோலிமஸ் கேட்பவருக்கு எழுதிய பிராண்டும் வகையும் மட்டும், ஸ்ட்ரிப்பை வெட்டாமல் என்று முதல் வரி. கூடக் கொடுக்கக் கூடாத மருந்துகளின் பேர் அதற்குக் கீழே. மதுரை டாக்டர் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை தம்பிக்குக் கடை விடுமுறை. அவனையும் கூட்டிக்கொண்டு, குமுளி பஸ் ஸ்டாண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கடையாக வருகிறேன். கவுன்டருக்கு உள்பக்கம், நீங்கள் மருந்து எடுக்கத் திரும்பும்போது கண்ணில் படுகிற இடமாக ஒன்று ஒதுக்கி வையுங்கள். ஒட்டுவதற்குப் பசை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
குமுளியிலிருந்து ஓர் அக்கா